வாசித்ததை வெட்டி, வெட்டியதை வாசித்து: மகாயா மெக்ரேவனின் தாளம் எங்கிருந்து வந்தது

ஒரு டிரம்மர் யாரிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டார் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பெயர்ப்பட்டியல்தான் கையில் கிடைக்கும். பேட்டியில் அவரே சொன்ன நாலு பெயர், விமர்சகர்கள் சேர்த்த இரண்டு பெயர். பட்டியலில் பொய் இருக்காது. ஆனால் அதை வைத்துக்கொண்டு அவர் வாசிக்கும் ஒரு தட்டைக்கூட விளக்க முடியாது. எல்வின் ஜோன்ஸைக் கேட்காத ஜாஸ் டிரம்மர் இல்லை. கேட்ட எல்லாரும் ஒரே மாதிரி வாசிப்பதும் இல்லை. கேட்டதில் எது கைக்குள் இறங்கியது, எது காதோடு நின்றுவிட்டது என்பதைத்தான் தேட வேண்டும்.

அப்படித் தேடிப்பார்க்க மகாயா மெக்ரேவன் மிகப் பொருத்தமானவர். 1983ல் பாரிஸில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, சிகாகோவில் நிலைகொண்டவர். டிரம்மர், அதே அளவுக்கு இசைத் தயாரிப்பாளர். 2015 ஜனவரியில் 'இன் தி மொமென்ட்' என்ற இசைத்தொகுப்பு வெளிவந்து பெயர் பரவியபோது அவருக்கு வயது 31. மேடையில் தானும் தோழர்களும் முன்தயாரிப்பின்றி வாசிப்பதைப் பதிவுசெய்து, பிறகு தனியே உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் புதிய துண்டுகளாக்குவது அவர் வழக்கம். ஆகவே வாசிக்கும்போது கை எதை நாடுகிறது என்பதும், திரும்பக் கேட்கும்போது காது எதைப் பொறுக்குகிறது என்பதும் தனித்தனித் தடயங்களாக நமக்குக் கிடைக்கின்றன. இன்னொன்றும் உண்டு. தன்னை உருவாக்கியவர்களில் இருவரின் ஒலிப்பதிவுகளையே எடுத்துத் தன் இசைத்தட்டில் வைத்திருக்கிறார். அவர்கள் அவருடைய அப்பாவும் அம்மாவும்.

சான்றுகளை எடைபோடுவதில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். வாழ்க்கைக் குறிப்பில் தொடர்பு இருந்து, ஒலியிலும் அது கேட்டால் மட்டுமே 'வந்தது' என்று எழுதுகிறேன். ஒலியில் மட்டும் கேட்டால் 'ஒத்திருக்கிறது' என்பதோடு நிறுத்துகிறேன்.

அப்பாவின் கை

ஸ்டீவன் மெக்ரேவன் ஜாஸ் டிரம்மர். சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்ச்சி ஷெப்புடன் பல ஆண்டுகள் வாசித்தவர். குடும்பம் பாரிஸை விட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதிக்குப் போனபோது மகாயா சிறு குழந்தை. அந்த வட்டாரத்தைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் 1970கள் முதல் ஷெப்பும் மேக்ஸ் ரோச்சும் கற்பித்தார்கள். யூசெஃப் லத்தீஃபும் அங்கே கற்பித்தவர்தான். டிரம்ஸில் நேரம் காக்கும் வேலையை காலால் மிதிக்கும் பாஸ் டிரம்மிலிருந்து கையால் தட்டும் ரைடு சிம்பல் என்ற உலோகத்தட்டுக்கு ஏற்றி, இடது கையையும் காலையும் பேச விட்டது 1940களில் கென்னி கிளார்க், ரோச் தலைமுறை. அந்தத் தலைமுறையின் ஆளொருவர் பக்கத்து வகுப்பறையில் இருக்கும் சூழலில் ஒரு டிரம்மரின் மகன் வளர்கிறான்.

ஐந்து வயதிலேயே, அப்பா தன் மாணவர்களைக் கொண்டு நடத்திய தாளக் குழுவோடு மகாயா மேடையேறினார். மற்ற குறிப்புகளைவிட இதற்கே நான் அதிக எடை கொடுக்கிறேன். பெரும்பாலான பிள்ளைகள் டிரம்ஸைத் தனியாக, ஓர் இசைத்தட்டோடு சேர்ந்து தட்டிப் பழகுகிறார்கள். இவர் பழகியதோ பல கைகள் ஒரே நேரத்தில் தட்டும் கூட்டத்துக்குள். அங்கே முழுத் தாளமும் ஒருவர் கையில் இருக்காது. தன் பங்கு எது, எங்கே இடம் விட வேண்டும் என்று முதலில் கேட்கத்தான் தெரிய வேண்டும்.

இது ஒலியில் எங்கே தெரிகிறது? அவருடைய பதிவுகளில் நடை எவ்வளவு இறுகியிருந்தாலும் ஸ்நேர் என்ற, வெடுக்கென ஒலிக்கும் டிரம்மில் இடது கையின் மெல்லிய தட்டுகள் ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கும். கூட வாசிப்பவர் ஒரு சொற்றொடரை முடித்ததும் அதன் வால் ஸ்நேரிலோ டாம் டிரம்களிலோ எதிரொலிக்கும். தாளத்தை அழுத்திப் பிடித்து மற்றவர்களைத் தன் பின்னால் இழுக்கும் டிரம்மர்களின் வழி இதுவல்ல. அப்பாவின் தலைமுறை 1960, 70களின் கட்டற்ற ஜாஸில் வளர்த்த உரையாடல் இது. அப்பாவின் குறிப்பிட்ட ஒரு சொல்லையோ உருட்டலையோ மகனிடம் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். வந்து சேர்ந்தது கேட்கும் பழக்கம்.

அம்மாவின் கணக்கு

மெக்ரேவனைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கிளையை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது மனக்குறை. ஆக்னெஸ் ஜிக்மொண்டி ஹங்கேரியப் பாடகி, புல்லாங்குழல் கலைஞர். கிராமிய இசை ஹங்கேரிய நகரத்து இளைஞர்களிடம் புத்துயிர் பெற்ற 1970களில் உருவான கொலிண்டா குழுவில் இருந்தவர். நடுநிலைப் பள்ளிக் காலத்தில் மகாயா நண்பர்களோடு சேர்ந்து ஒரு குழு அமைத்தார். அந்தக் குழு வாசித்தது அம்மாவின் நாட்டுப்பாடல்களுக்குப் பின்னணி. ராக், ஹிப்-ஹாப் கேட்டு வளரும் ஒரு பையன் டிரம்ஸ் செட்டோடு உட்கார்ந்து, கிழக்கு ஐரோப்பியப் பாடலுக்கு எந்த இடத்தில் ஸ்நேர் விழ வேண்டும் என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது. எந்தப் பள்ளியும் இந்தப் பயிற்சியைத் தந்திருக்காது.

அதன் விளைவை 2022ல் வந்த 'இன் தீஸ் டைம்ஸ்' தொகுப்பில் கேட்கலாம். ஏழு ஆண்டுகளுக்கு மேல் அவர் உருட்டிக்கொண்டிருந்த வேலை அது. ஐந்திலும் ஏழிலும் நடக்கும் அளவுகள் அதில் நிறைய. ஆனால் கேட்கும்போது எண்ணத் தோன்றாது. தலை தானாக ஆடும்.

நமக்கு இதைப் புரிந்துகொள்ள நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. மிஸ்ர சாபுவை யாரும் ஒன்று முதல் ஏழு வரை எண்ணிப் பாடுவதில்லை. மூன்று, நான்கு என்று நீளம் வேறான இரண்டு அடியாக உடம்பு அதைப் பிடித்துக்கொள்கிறது. கண்டமும் அப்படியே: இரண்டும் மூன்றும். கிழக்கு ஐரோப்பிய நடனத் தாளங்களின் உள்கட்டும் இதுதான். 2+2+3 என்றால் குட்டை, குட்டை, நெட்டை என்று மூன்று அடி. ஆடுகிறவரின் கால் அந்த நெட்டை அடியில்தான் சாய்ந்து எழும். ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் தன் 'மைக்ரோகாஸ்மோஸ்' பியானோ தொகுப்பைப் பல்கேரியத் தாளத்தில் அமைந்த ஆறு நடனங்களோடு முடித்தார். அந்தச் சமனற்ற அடிகளை அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு இயல்பாகக் கொள்கிறார்கள் என்பதற்கு அந்தப் பக்கங்களே போதும்.

மேற்கத்திய டிரம்மர் பலர் ஏழைக் கையாளும்போது 'எட்டில் ஒன்று குறைந்தது' என்ற பதற்றம் அதில் தெரியும். ஆவர்த்தத்தின் கடைசியில் யாரோ தள்ளிவிட்டது போல விழுவார்கள். மெக்ரேவனிடம் அந்தத் தடுமாற்றம் இல்லை. நெட்டை அடியை முழுவதும் நீட்டி வைத்து, அதற்குள் ஹிப்-ஹாப்பின் ஸ்நேரை உட்கார வைக்கிறார். குடும்பத் தொடர்பும் இருக்கிறது, ஒலியும் சொல்கிறது. ஆகவே இதை 'வந்தது' என்ற கணக்கில் எழுதுகிறேன்.

தமிழ்க் கேட்பாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை இங்கே தேவைப்படுகிறது. அந்தத் துண்டுகளைக் கேட்டதும் 'இது நம்ம கண்ட நடை' என்று நமக்குப் பொறி தட்டும். பொறி நியாயமானதே, கணக்கு ஒன்றுதான். ஆனால் இரண்டு ஊர்கள் ஒரே கணக்கைத் தனித்தனியாகக் கண்டடைய முடியும். ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு கட்டினால் இந்த ஆய்வே கெட்டுவிடும்.

இயந்திரத்தைப் பார்த்துப் படித்த கை

மூன்றாவது கிளை வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. மெக்ரேவனின் பதின்பருவம் 1990களின் பின்பாதி. பழைய இசைத்தட்டுகளிலிருந்து சில நொடிகளை உருவி, சுழலவிட்டு, மேலே சொல்லிசை வைத்த ஹிப்-ஹாப் உச்சத்தில் இருந்த காலம். அவர் இருந்த கோல்ட் டக் காம்ப்ளெக்ஸ் குழு ஜாஸையும் ஹிப்-ஹாப்பையும் கலந்து வாசித்தது. பெரிய ஹிப்-ஹாப் குழுக்களின் நிகழ்ச்சிகளில் அவர்களுக்கு முன்னால் வாசிக்கும் குழுவாகவும் மேடையேறியது.

இங்கே ஒரு சுற்று நடந்திருக்கிறது. அதைப் பிடிக்காமல் இவருடைய வாசிப்பைப் புரிந்துகொள்ள முடியாது. 1969ல் வந்த 'ஆமென், பிரதர்' என்ற இசைத்தட்டில் கிரெகரி கோல்மன் நான்கே ஆவர்த்தம், ஏறக்குறைய ஏழு நொடி, தனியாக டிரம்ஸ் வாசித்தார். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' 1970ல் வந்தது. அதில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் தனிப்பகுதியும் சில நொடிகள்தான். இந்த இரண்டு துண்டுகளும் கணக்கற்ற பாடல்களுக்குள் சுழன்றன. அவற்றை வாசித்த இருவருக்கும் உரிமைத்தொகை என்று ஒன்றும் சேரவில்லை. நவீன தாளத்தின் பாதிக் கட்டடம் அவர்கள் கையெழுத்தில் நிற்கிறது என்பதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

அடுத்த கட்டம் இயந்திரம். ரோஜர் லின் வடிவமைத்து அகாய் நிறுவனம் 1988ல் வெளியிட்ட எம்பிசி-60ல் பதினாறு ரப்பர்ப் பட்டைகளில் அந்தத் துண்டுகளை ஏற்றி விரலால் தட்டலாம். 'ஸ்விங்' அளவைத் திருகினால் இரண்டாம் தட்டு எவ்வளவு தாமதிக்கும் என்பதும் மாறும். நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் ஓடும் தாளத்தை எடுத்துக்கொள்வோம். அரை அடியின் நீளம் 333 மில்லி நொடி. நேராக வைத்தால் அதன் நடுத்தட்டு 167ல் விழும். 58 விழுக்காடு ஸ்விங்கில் 193ல். மூன்றில் இரண்டு பங்கு என்றால் 222ல். மனிதக் கை இயல்பாகச் செய்துகொண்டிருந்த சாய்வு எண்ணாக மாறிவிட்டது.

டெட்ராய்ட்டின் ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா (1974–2006) அந்த எண்ணையும் மீறினார். எல்லா ஒலிகளையும் ஒரே கட்டத்துக்குள் இழுத்து நிறுத்தாமல், ஸ்நேரைச் சற்று முன்னாலும் கிக் என்னும் பாஸ் டிரம் தட்டைச் சற்றுப் பின்னாலும், ஹை-ஹாட் என்னும் ஜோடிச் சிம்பலை நேராகவும் விட்டார். ஒரே பாடலுக்குள் இரண்டு மூன்று நேரங்கள் ஓடுவது போன்ற தள்ளாட்டம் பிறந்தது. உயிருள்ள டிரம்மர்கள் அதைக் கேட்டுத் திகைத்து, தங்கள் கைகளை அப்படித் தவற விடப் பழகினார்கள். 2000ல் வந்த பாடகர் டி'ஆஞ்சலோவின் 'வூடூ' தொகுப்பில் டிரம்மர் குவெஸ்ட்லவ் வாசித்தது அந்தப் பாடத்தின் முதல் பெரிய தேர்வு. டிரம்மரிடமிருந்து இயந்திரத்துக்குப் போன தாளம், இயந்திரத்தில் உருமாறி, மறுபடி டிரம்மரின் கைக்கே வந்தது.

மெக்ரேவன் அந்தச் சுற்றின் பிள்ளை. சிம்பல்களையும் தோல்களையும் அவர் அடக்கி ஒலிக்கவிடும் விதம் பழைய இசைத்தட்டிலிருந்து உருவிய துண்டின் காய்ந்த, குட்டையான ஒலியை ஒத்திருக்கிறது. ஒரே நடையை நீண்ட நேரம் கிட்டத்தட்ட மாற்றமின்றி வாசிக்கிறார். ஓடுவது கையா, சுழலவிட்ட துண்டான லூப்பா என்று சில இடங்களில் பிரித்தறிய முடியவில்லை. ஜாஸில் பயின்ற கைக்கு இது கடினம். அதன் இயல்பே ஒவ்வொரு ஆவர்த்தத்தையும் வேறாக வாசிப்பதுதானே. அப்பாவிடம் கற்றதை அடக்கிக்கொள்ளும் ஒழுக்கம் அவருக்கு ஹிப்-ஹாப்பிலிருந்து வந்தது என்பது என் முடிவு.

பெட்ஃபோர்டின் பதிவுகள்

2000களின் பின்பாதியில் சிகாகோவுக்குக் குடிபோன அவர் சில ஆண்டுகளில் தி பெட்ஃபோர்ட் என்ற இடத்தில் தொடர் நிகழ்ச்சி நடத்தினார். முன்பு வங்கியாக இருந்த கட்டடம். எழுதிவைத்த இசை எதுவுமில்லை. வந்தவர்களோடு வாசிக்க வேண்டியதுதான். ஓராண்டில் 28 நிகழ்ச்சிகள். பதிவானது ஏறக்குறைய 48 மணிநேரம். அதிலிருந்து வெட்டி எடுத்த 19 துண்டுகள்தான், அப்போதுதான் முளைவிட்டிருந்த இன்டர்நேஷனல் ஆந்தம் நிறுவனம் வெளியிட்ட 'இன் தி மொமென்ட்'.

விமர்சகர்கள் உடனே டியோ மசேரோவின் பெயரைச் சொல்வார்கள். மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே' (1969), 'பிட்சஸ் ப்ரூ' (1970) ஆகியவற்றின் நீண்ட பதிவுகளை நாடாவை வெட்டி ஒட்டி உருவாக்கிய தயாரிப்பாளர் அவர். ஒப்புமை சரியானதே. ஆனாலும் இதை 'ஒத்திருக்கிறது' என்பதோடு விடுகிறேன். மசேரோ பதிவுக்கூடக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர். வாசித்தவர்கள் வேறு, வெட்டியவர் வேறு. மெக்ரேவன் வெட்டுவது தன் கையின் தட்டையே. அவர் வெட்டும் அளவுகளும் மசேரோவுடையவை போலில்லை. நான்கு, எட்டு ஆவர்த்தங்களைப் பிடித்துச் சுழலவிடுவதும், சுருதியை இறக்கி நிறம் மாற்றுவதும் சாம்பிள் பட்டைகளில் பழகியவரின் விரல் வேலை.

அடுத்து நடந்ததுதான் என்னை இந்த ஆய்வுக்குள் இழுத்தது. வெட்டி ஒட்டியதில் பிறந்த சொற்றொடர்களை, யாரும் ஒருபோதும் அப்படி வாசித்திராத அந்தத் திருப்பங்களை, குழுவினர் பாடலாகக் கற்றுக்கொண்டு மேடையில் வாசித்தார்கள். லூப்பின் ஓரத்தில் துண்டுபட்டு நிற்கும் ஒரு ஸ்நேர் தட்டு, அடுத்த முறை கையால் அதே இடத்தில் நறுக்கென்று நிறுத்தப்படுகிறது. ஆக, இந்த டிரம்மரின் முக்கியமான ஆசிரியர்களில் ஒருவர் அவருக்குள்ளேயே இருக்கும் தயாரிப்பாளரே. பெயர்ப்பட்டியல் எதிலும் இது வருவதில்லை.

சிகாகோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1965ல் தொடங்கிய ஏஏசிஎம் கலைஞர் கூட்டமைப்பின் ஊர் அது. அதன் வழிவந்த கிதார் கலைஞர் ஜெஃப் பார்க்கரும் பாஸ் கலைஞர் ஜூனியஸ் பாலும் மெக்ரேவனின் நெருங்கிய கூட்டாளிகள். பார்க்கர் இருந்த டார்ட்டாய்ஸ் குழு 1998லேயே 'டிஎன்டி' தொகுப்பைக் கணினியில் வெட்டி அடுக்கி உருவாக்கியது. வாசிப்பையும் வெட்டையும் எதிரெதிராக நிறுத்தாத ஒரு சுற்றுவட்டம் அவருக்கு ஆயத்தமாக இருந்தது. வேறோர் ஊரில் அவர் இதே வேலையைச் செய்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

பெற்றோரின் ஒலியே பொருளானபோது

2020ல் கவிஞரும் பாடகருமான கில் ஸ்காட்-ஹெரனின் கடைசித் தொகுப்பு வெளியாகிப் பத்தாண்டு நிறைந்ததை ஒட்டி, அந்தக் குரலை வைத்து முழு இசையையும் புதிதாக அமைக்கும் பொறுப்பு மெக்ரேவனுக்கு வந்தது. பெயர்: 'வி'ஆர் நியூ அகெய்ன்'. அந்தக் குரல் பல இடங்களில் குடும்பம், வளர்ந்த வீடு பற்றிய நினைவுகளைப் பேசுகிறது. அதன் அடியில் வைக்க அவர் தன் அப்பாவின், அம்மாவின் பழைய பதிவுகளிலிருந்து துண்டுகளை எடுத்தார். பிறர் இசைத்தட்டைத் தேடிக் கிண்டும் ஹிப்-ஹாப் பழக்கம் சொந்த வீட்டு அலமாரிக்குள் கை வைத்த இடம் அது. மூன்று கிளைகளும் ஒரே மேசையில் சந்தித்ததற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் தேவையில்லை.

அடுத்த ஆண்டு புளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் பழைய பதிவுகளைக் கொண்டு 'டிசைஃபரிங் தி மெசேஜ்' செய்தார். அதே களஞ்சியத்தை 1993ல் அஸ்-3 என்ற ஹிப்-ஹாப் குழுவும் 2003ல் தயாரிப்பாளர் மேட்லிப்பும் திறந்திருக்கிறார்கள். அவற்றோடு வைத்துக் கேட்டால் இவருடைய பதிவில் டிரம்ஸ் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பது புலப்படும். ஆர்ட் பிளேக்கி போன்ற டிரம்மர்களின் பதிவுகளுக்கு மேலேயே தன் டிரம்ஸை வாசித்து இணைக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பெற்றோரின் ஒலியைத் தொட்டபோது இருந்த நெருக்கம் இதில் இல்லை என்றே எனக்குப் படுகிறது.

'இன் தீஸ் டைம்ஸ்' வேறு வகை. பெட்ஃபோர்டில் வாசித்தபின் உருவம் வந்தது. இங்கே எழுதப்பட்ட இசை முதலில், ஆண்டுக்கணக்கில் மேடைகள் அடுத்து, பதிவுக்கூடங்களும் வெட்டுமேசையும் கடைசியில். யாழ் (மேற்கத்திய ஹார்ப்), வயலின், செல்லோ என்று தந்திகள் சூழ்ந்திருப்பதால் வெட்டின் தழும்பு சட்டென்று கண்ணில் படாது. அதில் 'லல்லபை' என்ற துண்டு அம்மா ஜிக்மொண்டியும் கொலிண்டாவின் பீட்டர் தபாஷியும் எழுதிய இசை. அம்மாவின் பாடல்களுக்குப் பின்னணி வாசித்த பள்ளிப் பையனின் வேலை இங்கே முழுக் குழுவோடு தொடர்கிறது. அம்மா கிளையை ஒரு வரியில் கடந்துவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஓர் ஆதாரம்.

தாமே கேட்டுச் சரிபார்க்க விரும்புகிறவர்கள் 2018ன் 'யுனிவர்சல் பீயிங்ஸ்' தொகுப்பிலிருந்து தொடங்குவது நல்லது. நியூயார்க், சிகாகோ, லண்டன், லாஸ் ஏஞ்சலஸ் என நான்கு ஊர்கள், நான்கு வெவ்வேறு குழுக்கள். டிரம்ஸும் வெட்டும் மட்டும் ஒரே ஆளுடையவை. நியூயார்க் பக்கத்தில் பிராண்டி யங்கரின் யாழும் டொமீகா ரீடின் செல்லோவும், லண்டன் பக்கத்தில் நூபியா கார்சியாவின் சாக்ஸஃபோனும் ஒலிக்கின்றன. கூட்டாளி மாறும்போது எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று குறித்துக்கொண்டால், நிற்பது அவருடையது. அதே அமர்வுகளில் மீந்த பதிவுகளிலிருந்து 2020ல் 'ஈ அண்டு எஃப் சைட்ஸ்' என்று இன்னொரு தொகுப்பை வெட்டி வெளியிட்டார். இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, முதல் முறை எதை ஒதுக்கி வைத்தார், பிறகு எதற்காகத் திரும்பப் போனார் என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய காது எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு எந்தப் பேட்டியையும்விட உறுதியான சான்று அந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது.